முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர்

முதலியார்பேட்டையில் ஏ.எப்.டி. மில் 2020-ல் மூடியாயிற்று. கடலூர் சாலையை ஒட்டிய டீக்கடைகளில் ஷிப்டு பேச்சு இருந்த இடத்தில் இப்போது வேறு பேச்சுகள் உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஒன்று கால்பந்து. புதுச்சேரிக்கென்று ஐ.எஸ்.எல்.லில் ஓர் அணி கிடையாது. மாநில அணியின் கதை கேட்டாலே வலிக்கும்: 2024 நவம்பரில் கோழிக்கோட்டில் நடந்த சந்தோஷ் டிராபி தகுதிச் சுற்றில் கேரளத்திடம் 7-0. ஆகவே இங்கிருக்கும் பையன்களின் ஆவேசமெல்லாம் 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னையின் எஃப்.சி.யின் மீது. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் பாரிஸ் அணியின் சட்டையோடு வந்து நடுநிலை வகிப்பார்கள்.

புதிய பயிற்சியாளர் என்ற செய்தி வந்தால் இந்தக் கடைகளில் ஒரே ஒரு கேள்விதான் எழும். ஆள் ஏறி அடிக்கிறவனா, பதுங்குகிறவனா?

“பதுங்குறவன் நமக்கு வேணாம் அண்ணே. பந்து போன மறு செகண்டே மூணு பேர் பாயணும். பேக்கெல்லாம் சென்டர் லைன்ல நிக்கணும். அப்பதான் பாக்குறதுக்கே ஒரு இது இருக்கும்.”

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அதில் எனக்குச் சண்டையில்லை. நான் எச்சரிப்பது வேறொன்றை: பாயும் தற்காப்பு என்றால் நல்ல தற்காப்பு என்று நாம் எடுத்துக்கொள்வதை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சென்னையின் கணக்கும் சொல்லவில்லை, உலகக் கணக்கும் சொல்லவில்லை.

முதலில் தரைக் கணக்கு. மைதானத்தின் நீளம் 105 மீட்டர். பேக்குகள் நடுக்கோட்டுக்கு அருகே வந்து நின்றால் அவர்களுக்கும் தங்கள் கோலுக்கும் இடையே நாற்பது மீட்டருக்கு மேல் வெறும் புல். கோலி பெட்டியைத் தாண்டி வந்து நின்றாலும் இருபது மீட்டருக்குக் குறையாமல் காலியாகக் கிடக்கும். எதிரணி ஸ்ட்ரைக்கர் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடினால் நொடிக்கு எட்டு மீட்டர் சொச்சம்; அந்த நாற்பது மீட்டரை ஐந்து நொடியில் கடந்துவிடுவார். அவர் கோலைப் பார்த்தபடியே கிளம்புகிறார். நம் பேக் திரும்பிவிட்டுத்தான் ஓட வேண்டும். திரும்புவதில் அரை நொடி போனால் நான்கு மீட்டர் போயிற்று. நான்கு மீட்டர் பின்தங்கிய பேக் அதற்குப் பிறகு செய்யக்கூடியது ஒன்று பின்னாலிருந்து இழுத்துச் சிவப்பு அட்டை வாங்குவது, அல்லது கோல் விழுவதை அருகிலிருந்து பார்ப்பது.

இது நடக்காமல் இருக்க வேண்டுமென்றால் பந்தை வைத்திருக்கும் எதிராளிக்குத் தலை தூக்கி நீளமாக உதைக்க நேரம் கிடைக்கக் கூடாது. அதாவது முன்வரிசை ஒவ்வொரு முறையும் பாய வேண்டும். பதினோரு பேரில் ஒருவர் ஒருமுறை சோம்பினால் மொத்தச் சீட்டுக் கட்டும் சரியும். பதுங்கி ஆடும் அணியில் ஒருவர் தவறினால் அடுத்தவர் மூடுவார். ஏறி ஆடும் அணியில் மூடுவதற்கு ஆள் இல்லை. அந்த ஆளைத்தான் நாம் முன்னால் அனுப்பிவிட்டோம்.

இனிச் சென்னையின் மூன்று எட்டுகள். 2020-21 சீசனில் ஹங்கேரியர் சபா லாஸ்லோ பயிற்சியாளர். கொரோனா காரணமாக எல்லா ஆட்டமும் கோவாவில், ஆளில்லாத மைதானத்தில். சென்னையின் 20 ஆட்டங்களில் 17 கோல் போட்டு 23 கோல் வாங்கியது, 11 டிரா. இடம் எட்டு. பார்த்தவர்கள் தூங்கிப்போனார்கள், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு போசிதார் பாண்டோவிச். அதே 17 கோல், ஆனால் வாங்கியது 35. பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 தோற்றதும் அவரை அனுப்பினார்கள், மிச்ச ஆட்டங்களைச் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். இடம் எட்டு. மூன்றாவதாக 2022-ல் வந்தவர் ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச். அணி முன்னேறி ஆடியது, கோல் இரண்டு மடங்கானது: 36. வாங்கியது 37. இடம்?

எட்டு.

பிர்டாரிச்சின் அந்த ஒரு சீசன் எங்கள் கடையில் இன்றும் இனிப்பாகத்தான் நினைவிருக்கிறது. குவாஹாட்டியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 7-3 என்று வென்ற டிசம்பர் இரவை யார் மறப்பார்கள்? எல் கயாதியின் ஆட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் அதற்குச் சரியாக நான்கு வாரம் முன்னால், 2022 நவம்பர் 12 அன்று, நேரு ஸ்டேடியத்தில் மும்பை சிட்டியோடு நடந்ததை யாரும் எடுப்பதில்லை. சென்னையின் 2-0 முன்னிலை. அரை மணி நேரம் ஸ்டேடியம் ஆடியது. பிறகு மும்பை ஆறு கோல் போட்டது. சொந்த மண்ணில் 2-6.

அதே சீசனில் ஏ.டி.கே. மோகன் பகான் போட்ட கோல் வெறும் 24. சென்னையினைவிட ஒரு டஜன் குறைவு. வாங்கியது 17. பட்டியலில் மூன்றாவதாக வந்து, 2023 மார்ச்சில் ஃபதோர்தாவில் பெங்களூரை பெனால்டியில் வென்று கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. அவர்கள் ஆட்டத்தை யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கும் ரசிகர் முதலியார்பேட்டையில் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கடையில் ஒருவர் நிச்சயம் கை தூக்குவார்: ஓவன் கோயில் வந்தபோது மாறவில்லையா? மாறியது. நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2019-20-ல் ஜான் கிரிகரி முதல் ஆறு ஆட்டத்தில் ஒரு வெற்றியோடு விலகினார். டிசம்பரில் கோயில் வந்தார். மிச்சம் 12 ஆட்டத்தில் ஏழு வெற்றி, மூன்று டிரா. வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். அணி இறுதிப் போட்டி வரை போய், காலி மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. ஒரு பயிற்சியாளரின் துணிச்சல் அணியை உயிர்ப்பிக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள நல்ல சான்று அது. ஆனால் கோவாவுக்கு எதிரான அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். சென்னையில் 4-1 என்று வென்று, மூன்று கோல் முன்னிலையோடு போன அணி, அங்கே 2-4 தோற்று, மொத்தத்தில் 6-5 என்று உயிர் தப்பியது. வென்ற கையோடு அதை மறந்துவிட்டோம். அதே கோயில்தான் மறுபடி வந்து 2024-25-ல் அணியை நடத்தினார். 24 ஆட்டம், 27 புள்ளி, 13 அணிகளில் பதினோராம் இடம்.

கிரிகரி விஷயமும் இப்படித்தான். 2017-18-ல் 19 கோல் மட்டுமே வாங்கி, பெங்களூரில் போய் பெங்களூரை 3-2 வென்று சாம்பியன். மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள். அடுத்த சீசன், அதே பயிற்சியாளர்: 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, 32 கோல் வாங்கிக் கடைசி இடம். இடையில் அவர் மூளையை யாரும் மாற்றவில்லை. மைல்சனுக்குப் பக்கத்தில் நின்ற செரினோ போய்விட்டார்; பேக்குகளுக்கு முன்னால் காவல் நின்ற வியாசர்பாடி தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் சீசன் முழுக்க உட்கார்ந்தார். பயிற்சியாளர் பெயரைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த இரண்டு வெற்றிடங்களைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

கடல் தாண்டியும் ஒரு கதை இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான ஆய்வுக்கூடம் அதுதான். அமெரிக்காவில் அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். கல்லூரி அணிகளுக்கே லட்சம் பேர் கூடுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 இருக்கை. தற்காப்புக்கு மட்டும் தனியாக ஒரு பயிற்சியாளர் உண்டு. 2015 டிசம்பரில் மிச்சிகன் அந்தப் பதவிக்கு டான் பிரவுனைக் கொண்டுவந்தது. ‘டாக்டர் பிளிட்ஸ்’ என்று செல்லப்பெயர். பிளிட்ஸ் என்றால் பின்னால் நிற்க வேண்டியவர்களையும் அனுப்பி, பந்து எறிபவர்மேல் பாய்வது. நம் பையன்கள் கேட்பதை அவர் தொழிலாகவே செய்துகொண்டிருந்தார்.

அவர் அங்கே வருவதற்கு முந்தைய வேலை பாஸ்டன் காலேஜில். 2015-ல் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த தூரத்தைக் கணக்கிட்டால் நாட்டிலேயே முதலிடம் அந்த அணியின் தற்காப்புக்கு. அந்த ஆண்டு அணி ஜெயித்தது 12 ஆட்டத்தில் மூன்று. தன் பிரிவில் விளையாடிய எட்டிலும் தோல்வி. இப்படி ஒரு வினோதம் சாத்தியம் என்பதையே மிச்சிகன் ரசிகர்கள் அப்போது கண்டுகொள்ளவில்லை. முதலிடம் என்ற சொல் போதுமாக இருந்தது.

மிச்சிகனிலும் முதல் ஆண்டே முதலிடம். 2018-லும் நவம்பர் கடைசி வரை நாட்டின் மிகச் சிறந்த தற்காப்பு என்றே பேச்சு. பத்து வெற்றி, ஒரு தோல்வியோடு பரம எதிரி ஓஹாயோ ஸ்டேட்டைச் சந்திக்கப் போனார்கள். பிரவுனின் முறையில் ஒவ்வொரு தற்காப்பாளரும் ஓர் எதிராளியை நிழல்போல் ஒட்டி ஓட வேண்டும். பின்னால் உதவிக்கு ஆள் குறைவு. ஓஹாயோ அதற்கென்றே தயாராக வந்தது. வேகமான சிறிய ஆட்டக்காரர்களை மைதானத்தின் குறுக்கே, ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு ஓடவிட்டது. ஒட்டி ஓடியவர்கள் சிக்கி, ஓரடி ஈரடி பின்தங்கினார்கள். பின்னால் வெட்டவெளி. 62-39. மறு ஆண்டு அதே எதிரி: 56-27. பிரவுன் இருந்த ஐந்து சீசனில் ஓஹாயோவுடன் நடந்த நான்கு ஆட்டமும் தோல்வி. 2020-ல் அணி ஆறில் இரண்டு மட்டும் ஜெயித்தபின் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த இளைஞர் மைக் மெக்டொனால்டின் தற்காப்பு பாய்வது எப்போது, பாய்வதுபோல் நடித்துப் பின்வாங்குவது எப்போது என்று எதிரிக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. 2021 நவம்பரில் மிச்சிகன் 42-27 என்று ஓஹாயோவை வென்றது.

பிரவுன் மோசமான பயிற்சியாளர் இல்லை. பலவீனமான எட்டு அணிகளைப் பந்தாடியவர். சராசரி எடுத்தால் அவர் முதலிடம். ஆனால் சீசனைத் தீர்மானிக்கும் அந்த ஓர் அணி அவர் பாயப் போகிறார் என்பதைத் தெரிந்துகொண்டே வந்தது. பாய்கிறவன் அடுத்து என்ன செய்வான் என்பது எதிரிக்கு முன்பே தெரியும். இந்த ஆபத்து சராசரியில் தெரியாது.

இங்கிலாந்துக் கதை எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 நவம்பர் 6-ல் டோட்டன்ஹாம் இரண்டு சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேரோடு நின்றபோதும் பயிற்சியாளர் போஸ்டகொக்லூ பேக்குகளை நடுக்கோட்டிலேயே நிறுத்தினார். செல்சீ 4-1. தோற்ற அணிக்கு ஸ்டேடியம் எழுந்து நின்று கைதட்டியது. நாங்களும் இங்கே தட்டினோம். அடுத்த சீசன் 22 தோல்வி, 65 கோல் வாங்கி லீக்கில் பதினேழாம் இடம். அந்தச் சீசன் முடிந்த மே மாதம் யூரோபா லீக் கோப்பையை அவர் வென்றது எப்படி என்று நினைவிருக்கிறதா? மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஒரு கோல் போட்டுவிட்டு, பெட்டிக்குள் ஆட்களைக் குவித்துப் பதுங்கி. பதினாறு நாளில் வேலையும் போயிற்று. பியெல்சாவின் லீட்ஸ் 2022 பிப்ரவரி ஒரே மாதத்தில் 20 கோல் வாங்கியதை வேறு சொல்ல வேண்டுமா?

“பார்சிலோனா?” என்பார்கள் உடனே. சரி. ஹான்சி ஃப்ளிக் 2024-25-ல் இந்த முறையிலேயே ஸ்பெயின் லீக்கை வென்றார். மாட்ரிட்டில் 4-0 ஜெயித்த இரவில் ரியல் 12 முறை ஆஃப்சைடில் சிக்கியது. அதில் எம்பாப்பே மட்டும் எட்டு. கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்த எட்டையும் உறுதி செய்ய அங்கே கேமராக்களும் அரைத் தானியங்கி ஆஃப்சைடு கருவியும் வீடியோ நடுவரும் இருந்தார்கள். அரை அடி முன்னால் நின்று போட்ட கோலை அழிக்க இயந்திரம் உண்டு என்ற தைரியத்தில்தான் பேக்குகள் அவ்வளவு தூரம் ஏறி நிற்கிறார்கள். 2024-25 ஐ.எஸ்.எல்.லில் வீடியோ நடுவர் கிடையாது. கோட்டோரம் ஓடும் லைன்ஸ்மேனின் ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு கொடியும்தான். எட்டில் ஒரு கொடி ஏறாமல் போனால் ஆட்டம் போயிற்று. அப்புறம் நடுவரைத் திட்டிப் பயனில்லை. பார்சிலோனாவின் முறையை இறக்குமதி செய்கிறவர்கள் அந்த முறைக்குப் பாதுகாப்பாக இருக்கும் இயந்திரத்தைச் சேர்த்து இறக்குமதி செய்ய முடியாது. இதைச் சொன்னால் கடையில் யாருக்கும் பிடிப்பதில்லை. அந்தப் பார்சிலோனாவுமே சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டரிடம் இரண்டு ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கி வெளியேறியது என்பது தனி.

அண்டை மாநிலத்துச் சான்றும் உண்டு. கிபு விகுன்யா மோகன் பகானுக்கு ஐ-லீக் வாங்கித் தந்தவர். அழகான ஆட்டம் தருவார் என்று கேரளா பிளாஸ்டர்ஸ் 2020-ல் கொண்டாடி அழைத்தது. அந்தச் சீசனில் பிளாஸ்டர்ஸ் வாங்கிய கோல் 36, பதினோரு அணியில் பத்தாம் இடம். ஐதராபாத்திடம் 4-0 தோற்றதும் கிபு விலகினார். மனிதர் அதேதான், கொல்கத்தாவில் அவர் கையிலிருந்த ஆட்கள் கொச்சிக்கு வரவில்லை.

பிறகு நம் காற்று. மாலை ஏழரைக்கு நேரு ஸ்டேடியத்தில் நின்றாலே சட்டை முதுகில் ஒட்டும். அந்த ஈரத்தில் வியர்வை உலராது, உடல் ஆறாது. தொண்ணூறு நிமிடம் பாய்ந்து பாய்ந்து நிற்கும் முறைக்கு இங்கே அறுபதாவது நிமிடத்திலேயே விலை கேட்பார்கள். பாய்ச்சல் அரைகுறையாகும், ஆனால் பழக்க தோஷத்தில் பேக்குகள் மேலேயே நிற்பார்கள். ஆபத்தான நேரம் அதுதான். முழுதாகப் பாய்ந்தால் பிழைக்கலாம், முழுதாகப் பதுங்கினாலும் பிழைக்கலாம்.

எனக்கு இது அனுபவம். கல்லூரி நாட்களில் நான் ஆடிய அணிக்கு ஒருவர் பயிற்சி தர வந்தார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மூன்று வாரம் எங்களை ஓடவிட்டே கொன்றார். முதல் ஆட்டத்தில் இடைவேளை வரை நாங்கள்தான் ராஜா. பிறகு எதிரணி ஸ்டாப்பர் ஒரு காரியம் செய்தான்: பந்து வந்தவுடன் யாரையும் பார்க்காமல் எங்கள் தலைக்கு மேலே ஓங்கி உதைத்தான். திரும்பத் திரும்ப அதே. நான் வலப்பக்க பேக். அன்று என் முகத்தைவிட என் முதுகைத்தான் எதிரணி அதிகம் பார்த்திருக்கும். நான்கு கோல். பயிற்சியாளர் முடிவில் எங்களுக்கு வீரம் போதவில்லை என்றார். கூடுதலாக ஒரு மூச்சும் ஒரு கோலியும்தான் போதவில்லை.

உப்பளம் மைதானத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை நடுக்கோட்டில் நிறுத்தி “ஏறு, ஏறு” என்று கத்தும் அண்ணன்களைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பி ஓடக் கற்றுக்கொடுத்தாயிற்றா, பின்னால் பார்க்கக் கற்றுக்கொடுத்தாயிற்றா என்று கேட்டால் முறைக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ஏறி அடிக்கும் ஆள் ஒருவர் வருகிறார் என்று சேதி வந்தால், அவர் முந்தைய அணியில் போட்ட கோல்களின் வீடியோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாங்கிய கோல்களை முதலில் பாருங்கள், அதுவும் பலமான இரண்டு அணிகளிடம் வாங்கியதை. முன்னிலையில் இருந்தபோது என்ன செய்தார்? அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு கோட்டைக் கீழே இறக்கினாரா? நம் அணியில் பெட்டிக்கு வெளியே வந்து காலால் ஆடத் தெரிந்த கோலி இருக்கிறாரா, பின்னால் துரத்தி ஓடும் வேகமுள்ள ஸ்டாப்பர் இருக்கிறாரா? இல்லையென்றால் வாங்க நிர்வாகத்திடம் பணம் இருக்கிறதா? 2024-25-ல் பட்டியலின் முதலிடத்தில் முடித்த மோகன் பகான் 24 ஆட்டத்தில் வாங்கியது 16 கோல்.

ஈ.சி.ஆர். பஸ் பிடித்து ஸ்டேடியத்துக்குப் போகிறவர்கள் ஒருமுறையாவது பந்தை விட்டுவிட்டுப் பின்னால் பார்க்கலாம். நம் அணி பாய்ந்துகொண்டிருக்கும் அந்த நொடியில் கடைசி பேக் எங்கே நிற்கிறார், கோலி எங்கே நிற்கிறார், நடுவில் எவ்வளவு புல். டி.வி.யில் இது தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். டிக்கெட் வாங்கியதற்கு நேரில் கிடைக்கும் லாபம் இதுதான்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது டீ ஆறியிருந்தது. பையன் பொறுமையாகத்தான் கேட்டான்.

“எல்லாம் சரி அண்ணே. எட்டு, எட்டுன்னு சும்மா பயமுறுத்தாதீங்க. 2024-25-ல பதினொண்ணு. அதுக்கு எட்டு தேவலாமில்ல?”